ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருக்கிறது: எடுத்துப் பார்ப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

இரவுப்பறவை

வணக்கம். வயசு 41. கடைவாய்ப் பல் வலின்னு பல் டாக்டர்கிட்ட போனேன். அவர் பல்லை விட்டுட்டு தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சு, "வலது டான்சில் இடதைவிடப் பெருசா இருக்கே, இ.என்.டி. யாரையாவது பார்த்தீங்களா?"ன்னு கேட்டாரு. அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு.

வலி இல்லை. காய்ச்சல் இல்லை. விழுங்குறதுல சிரமம் இல்லை. ஆறு வருஷம் முன்னாடி வரை சிகரெட் இருந்தது, இப்ப இல்லை.

ரெண்டு டாக்டரைப் பார்த்தாச்சு. முதலாமவர் கழுத்தை ரெண்டு பக்கமும் தடவிப் பார்த்தாரு, கையுறை போட்டு டான்சிலை விரலால அழுத்தினாரு (வாந்தி வராத குறை), மூக்கு வழியா கேமரா விட்டாரு. கடைசியில, "ஆறு வாரம் கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம்". இரண்டாமவர் அரை நிமிஷம் டார்ச் அடிச்சுட்டு, "எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிடலாம், உங்களுக்கும் நிம்மதி".

வீட்டுல எல்லாரும் ரெண்டாமவர் பக்கம். நான் நடுவுல நிக்கிறேன். யார் சொல்றதைக் கேக்குறது?

மென்காற்று

எடுத்துடுங்க சகோ. கேன்சர் விஷயத்துல பொறுத்துப் பார்க்குறதுன்னா என்ன அர்த்தம்? வளருதான்னு பார்க்குறதுதானே! வளர்ந்த பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்? குழந்தைகளுக்கே எடுக்குறாங்க, சின்ன ஆபரேஷன்தான்.

ஓட்டைக்குடை

"சின்ன ஆபரேஷன்"னு சொல்றவங்க யாரும் நாற்பது வயசுக்கு மேல அதைப் பண்ணிக்கிட்டவங்களா இருக்க மாட்டாங்க. நான் பண்ணிக்கிட்டேன், 44 வயசுல. இதே கதை: இடது பக்கம் பெருசு, வேற எந்தத் தொந்தரவும் இல்லை, "சந்தேகத்துக்கு எடுத்துடுவோம்".

முதல் ரெண்டு நாள் பரவாயில்லை. நாலாம் நாள்லேர்ந்துதான் ஆரம்பிச்சது. எச்சில் விழுங்குறதுக்கு முன்னாடி கையால எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்குவேன். காதுக்குள்ள கம்பியை விட்டுக் கிண்டுற மாதிரி குத்தல். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பாம். கண்ணாடியில பார்த்தா டான்சில் இருந்த இடத்துல வெள்ளையா, அழுக்கா ஒரு படலம். அது சீழ் இல்லை, புண் ஆறுற படலம்னு சொல்லியிருந்தாங்க, இருந்தாலும் வயித்தைக் கலக்கும்.

எட்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வாயில உப்புக் கரிச்சுது. வாஷ்பேசின்ல துப்பினா முழுக்கச் சிவப்பு. படலம் உதிரும்போது சிலருக்கு இப்படி ஆகுமாம். மறுபடி மயக்க மருந்து கொடுத்து ரத்தக் குழாயைச் சுட்டாங்க.

ரிசல்ட்? கேன்சர் இல்லை. இதுவரைக்கும் சரி. ரிப்போர்ட்ல அளவு போட்டிருந்தாங்க பாருங்க: "பெருசா" இருந்த இடது 2.6 செ.மீ. "சின்னதா" இருந்த வலது 2.8 செ.மீ. அந்தக் காகிதத்தை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்.

இரவுப்பறவை

இதெப்படிண்ணா? பெருசா தெரிஞ்சது எப்படி சின்னதாச்சு?

ஊசிநூல்

காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். உங்கள் தொண்டையை நான் பார்க்கவில்லை, அதனால் எடு என்றோ எடுக்காதே என்றோ சொல்ல மாட்டேன். எப்படி முடிவெடுக்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டைக்குடை அவர்களின் கதை. டான்சில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், முன்னும் பின்னும் இரண்டு தசைத் தூண்கள். ஒரு பக்கக் குழி ஆழமாக இருந்தால் அந்த டான்சில் உள்வாங்கிச் சின்னதாகத் தெரியும். குழி மேலாக இருந்தால் அதே அளவு டான்சில் துருத்திக்கொண்டு நிற்கும். நாம் டார்ச் அடித்து 1 முதல் 4 வரை படி போடுகிறோமே, அது தொண்டையின் அகலத்தில் எத்தனை கால்பங்கை அடைத்திருக்கிறது என்கிற கணக்குதான். குழிக்குள் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. "ஒரு பக்கம் பெரிது" என்று அனுப்பப்படும் பலரிடம் உண்மையில் அளவு வித்தியாசமே இருக்காது.

இன்னொரு கண்கட்டு: குச்சியை வைத்து நாக்கை அழுத்தும்போது குமட்டல் வந்தால் தசைகள் இறுகி டான்சிலை நடுப்பக்கம் தள்ளும். அந்த நொடியில் பார்த்தால் யாருக்கும் பெரிதாகத்தான் தெரியும்.

ஆகவே அளவு மட்டும் என்னை அறுவை அரங்குக்கு அனுப்பாது. அதோடு கூட என்ன வருகிறது என்று பார்ப்பேன். மேலே புண் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் ரத்தம் கசிகிறதா. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, ரப்பர் போலவோ கல் போலவோ கெட்டிப்பட்டிருக்கிறதா. முதல் மருத்துவர் உங்களைக் குமட்ட வைத்தது இதற்காகத்தான். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா. காதில் ஒரு கோளாறும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் காது வலிக்கிறதா. மூன்று வாரத்துக்கு மேல் விடாத தொண்டை வலி, விழுங்கினால் ஒரே இடத்தில் குத்துவது, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவது, காரணமில்லாத எடை இழப்பு, ராத்திரியில் உடை நனைய வியர்ப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் என் பேச்சு மாறிவிடும். சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தாலும் அப்படியே. புகை, மது, முன்பு தலை கழுத்துப் பகுதியில் வந்த புற்று, உறுப்பு மாற்றம் செய்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், இவர்களிடம் நான் பொறுக்கும் காலமும் குறையும்.

இவை எதுவும் இல்லாத ஒருவரிடம், சும்மா ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும் டான்சிலில் புற்று இருப்பது அரிது. அப்போது ஆறு வாரம் கழித்துப் பார்ப்பது தட்டிக்கழிப்பு ஆகாது. கிருமியால் வீங்கியிருந்தால் அதற்குள் இறங்கிவிடும். வேறு ஏதாவது என்றால் அப்படியே நிற்கும், அல்லது வளரும். அந்த இரண்டாவது பார்வையும் ஒரு பரிசோதனைதான்.

மென்காற்று

டாக்டர், மரியாதையோட கேக்குறேன். அரிதுன்னா இல்லைன்னு அர்த்தமில்லையே? அந்த அரிதான ஒருத்தர் நம்ம இரவுப்பறவையா இருந்துட்டா? அவர் சிகரெட் பிடிச்சவரு வேற.

ஊசிநூல்

நியாயமான கேள்வி. அவர் புகைத்தவர் என்பதால்தான் ஆறு வாரம். இல்லையென்றால் நான் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருந்திருப்பேன். ஆறு வாரத்துக்குப் பிறகும் வித்தியாசம் நிற்கிறது, விரலுக்குச் சந்தேகம் தட்டுகிறது என்றால் எடுத்துவிடலாம் என்று நானே சொல்வேன். ஒன்று, வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவருக்குப் "பொறுத்துப் பார்ப்போம்" பொருந்தாது. தேதி குறிக்காத காத்திருப்பைக் காத்திருப்பு என்றே நான் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தாலே முழு டான்சிலையும் எடுக்க வேண்டும் என்பதும் சரியில்லை. மேலேயே புண்ணோ பூப்போன்ற வளர்ச்சியோ தெரிந்தால், மரத்துப்போகும் மருந்து தெளித்து வெளிநோயாளிப் பிரிவிலேயே ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துவிடலாம். முடிவு தெரிந்த பிறகு ஸ்கேன், அதன் பிறகு முறையான சிகிச்சை. அவசரப்பட்டு "டான்சில் ஆபரேஷன்" செய்துவிட்டால் கட்டியின் எல்லை குலைந்துபோய், பின்னால் சுற்றிலும் நல்ல சதையோடு அதை எடுக்க வேண்டிய மருத்துவருக்குத் தலைவேதனை.

மேலே ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே கெட்டியாக இருக்கிறது, அல்லது கழுத்தில் நெறி இருக்கிறது என்றால் கதை வேறு. டான்சிலின் மேற்பரப்பு சமதளமில்லை, பொந்து பொந்தாக உள்ளே போகும். புற்று அந்தப் பொந்தின் அடியில் ஒளிந்திருக்கும். மேலாகக் கிள்ளினால் நல்ல சதைதான் கையில் வரும், "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட்டும் வரும். அங்கேதான் முழுதாக எடுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வகை. டான்சில் சாதாரணமாகத்தான் இருக்கும், அதன் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று அதை முன்னே தள்ளியிருக்கும். காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்மடலில் வரும் கட்டி இப்படி வரலாம். அபூர்வமாக, உப்பிய ரத்தக் குழாயாகக்கூட இருக்கலாம். அங்கே கத்தியை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டான்சிலோடு மேலண்ணமும் சேர்ந்து ஒரு பக்கம் புடைத்திருந்தால் முதலில் ஸ்கேன், அதுவரை யாரும் தொடக்கூடாது. அரை நிமிட டார்ச்சில் இதெல்லாம் தெரியாது. அந்த இரண்டாமவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தளிர்_அம்மா

டாக்டர், என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவளுக்கும் ஒரு பக்கம் பெருசு. இதைப் படிச்சதுலேர்ந்து கை நடுங்குது.

ஊசிநூல்

நடுங்க வேண்டாம் அம்மா. ஆறு வயதில் டான்சில் பெரிதாக இருப்பது வளர்ச்சியின் இயல்பு. வேறு அறிகுறி இல்லாத குழந்தையிடம் சும்மா அளவு வித்தியாசம் புற்றாக இருப்பது மிக மிக அரிது. குழந்தைகளில் வந்தால் பெரும்பாலும் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று, அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்காது. வாரக்கணக்கில் கிடுகிடுவென வளரும், கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் வரும், உடம்பு மெலியும். அப்படி ஏதும் இல்லையே? தூங்கும்போது குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். குழந்தைகளுக்கு டான்சில் எடுப்பதற்கு அதுதான் பெரிய காரணம்.

தளிர்_அம்மா

குறட்டை இருக்கு, ஆனா சளி பிடிச்சா மட்டும். ரொம்ப நன்றி டாக்டர்.

நுண்ணாடி

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வேலை. எடுப்பது என்று முடிவாகிவிட்டால் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

வலது, இடது இரண்டையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். ஒரே டப்பாவில் இரண்டும் மிதந்துகொண்டு வந்து, ஒன்றில் ஏதோ இருந்து, எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாமல் நின்ற ஒரு மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன்.

அடுத்தது, லிம்போமா சந்தேகம் இருந்தால் முழுவதையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டு அனுப்பிவிடக் கூடாது. செல்களை ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிர்ச்சதை வேண்டும், ஃபார்மலின் பட்டால் அது முடிந்தது. அதனால் என்ன சந்தேகத்துக்காக எடுக்கிறார்கள் என்பதை மருத்துவர் முன்கூட்டியே ஆய்வகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். "டான்சில், பரிசோதனைக்கு" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் எங்களுக்கு எதுவும் புரியாது.

பிறகு இந்த சிகரெட் விஷயம். புகை பிடிக்காதவர்கள் "நமக்கு வராது" என்று இருக்க வேண்டாம். ஹெச்.பி.வி. வைரஸ், குறிப்பாக 16-ஆம் வகை, டான்சில் பொந்துகளில் புற்று உண்டாக்குவது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமென்று கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் கிடைத்ததே, அதே வைரஸ்தான். சதையில் பி16 என்கிற சாயப் பரிசோதனை செய்து பார்ப்போம். அது பாசிட்டிவ் என்றால் பொதுவாகச் சிகிச்சைக்கு நன்றாக மசியும். எந்த அளவுக்கு என்றால், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல இதற்கென்றே தனிப் பட்டியல் போட்டுவிட்டார்கள். கழுத்தில் நெறி இருந்தும் முதல் நிலை என்று ரிப்போர்ட் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு.

இரவுப்பறவை

ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடாதா?

ஊசிநூல்

வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் டான்சில் புற்று இல்லை என்று உறுதி சொல்லாது. ரிப்போர்ட் நன்றாக வந்ததென்று நிம்மதியாகி மறுபார்வைக்கு வராமல் போய்விடுகிறார்கள், அதுதான் என் பயம். அதேபோல ஆன்டிபயாடிக். ஒரு கோர்ஸ் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இறங்காத ஒற்றைப் பக்க வீக்கத்துக்கு இரண்டாவது, மூன்றாவது என்று எழுதிக்கொண்டே போவது நாளைக் கடத்துவதுதான்.

தினமும் கண்ணாடியில் பார்ப்பதை நிறுத்துங்கள். வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு ஒரு படம். அதே வெளிச்சம், குச்சி வேண்டாம், நாக்கை நீட்டாமல், "ஆ" என்று நிதானமாக.

இரவுப்பறவை

தினமும் நாலு தடவை பார்த்துக்கிட்டிருந்தேன். எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு!

ஊசிநூல்

எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

சாளரம்

இந்த இழையைக் கொஞ்ச நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதுறேன்.

அப்பாவுக்கு 58. நாலு மாசமா இடது கழுத்துல, தாடைக்குக் கீழ ஒரு கட்டி. வலி இல்லை. "பிறவியிலேயே இருந்த நீர்க்கட்டி, இப்ப பெருசாகியிருக்கு"ன்னு சொல்லி ரெண்டு தடவை ஊசியால தண்ணி எடுத்தாங்க. எடுத்த தண்ணியில கேன்சர் செல் இல்லைன்னு ரிப்போர்ட். மூணு வாரத்துல மறுபடி ரொம்பிடுது. அப்பா சிகரெட் தொட்டதே இல்லை. தொண்டையைப் பத்தி யாரும் பேசலை. மேல டாக்டர் காது வலி பத்தி எழுதினதைப் படிச்சுட்டு அப்பாகிட்ட சும்மா கேட்டேன். "ஆமா, இடது காது ரொம்ப நாளா லேசா குத்துது, மெழுகுன்னு நினைச்சேன்"னாரு. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் இருக்கு.

ஊசிநூல்

சாளரம், இதைத் தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே தலை கழுத்துப் புற்று பார்க்கும் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் கழுத்தில் புதிதாக வரும் நீர்க்கட்டியைப் பிறவிக் கட்டி என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்யக் கூடாது, எதிர்மாறாக நிரூபிக்கும்வரை புற்று நெறி என்றே நினைக்க வேண்டும். ஹெச்.பி.வி. வகையில் டான்சில் புற்று கழுத்து நெறிக்குப் பரவி, அந்த நெறி உள்ளே கரைந்து நீர் கோத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரை உறிஞ்சினால் அதில் புற்று செல் சிக்காமல் போகலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, ஓரத்தில் இருக்கும் கெட்டிச் சதையில் ஊசி போட வேண்டும். கட்டியை அறுத்துத் திறந்து பார்ப்போம் என்று யாராவது சொன்னால், முதலில் ஊசி, ஸ்கேன் என்று கேளுங்கள்.

டான்சில் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சில மில்லிமீட்டர் புற்று பொந்துக்குள் இருந்தால் வெளியே அடையாளமே காட்டாது.

மென்காற்று

அப்போ இவங்க அப்பாவுக்கு அளவு சமமா இருக்கு, எடுக்க வேண்டி வரலாம். இரவுப்பறவைக்கு ஒரு பக்கம் பெருசு, எடுக்க வேண்டியதில்லைன்றீங்க. தலைகீழா இருக்கே டாக்டர்!

ஊசிநூல்

ஆமாம், தலைகீழாகத்தான் இருக்கிறது.

ஓட்டைக்குடை

சாளரம், தைரியமா இருங்கம்மா. போயிட்டு வந்து ஒரு வரி போடுங்க.

சாளரம் (இரண்டு வாரம் கழித்து)

ஊசிப் பரிசோதனையில செல் கிடைச்சிருச்சு. கேன்சர்தான். பி16 பாசிட்டிவ். பெட் ஸ்கேன் (கேன்சர் இருக்குற இடத்தை ஒளிர வச்சுக் காட்டுற ஸ்கேன்) முதல்ல, அதுக்கப்புறம்தான் தொண்டையில கை வைப்போம்னு சொன்னாங்க. முன்னாடியே கிள்ளிட்டா அந்தப் புண்ணே ஸ்கேன்ல ஒளிர்ந்து குழப்புமாம். ஸ்கேன்ல கழுத்து மட்டும் தெரிஞ்சது, தொண்டையில இடம் தெளிவா பிடிபடலை. அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுத்து இடது டான்சிலை முழுசா எடுக்கப் போறாங்க. அங்க கிடைக்கலைன்னா நாக்கோட அடிப்பகுதியையும் பார்ப்பாங்களாம். ஏன் தேடுறாங்க, கழுத்துக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தா போதாதான்னு அப்பா கேக்குறாரு.

ஊசிநூல்

புற்று தொடங்கிய ஊற்று எங்கே என்று தெரிந்தால் கதிரைக் கழுத்தோடு அந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கலாம். தெரியாவிட்டால் தொண்டை முழுக்கக் கொடுக்க வேண்டி வரலாம். வாய் உலர்வது, விழுங்கச் சிரமப்படுவது எல்லாம் அந்தப் பரப்பைப் பொறுத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து ஐந்திலிருந்து பத்தாம் நாள் வரை ராத்திரி யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், நேராக மருத்துவமனை. ஓட்டைக்குடை அவர்களின் எட்டாம் நாள் ஞாபகம் இருக்கட்டும்.

இரவுப்பறவை

சாளரம், உங்க அப்பாவை நினைச்சுக்கிட்டுதான் இன்னைக்கு என் மறுபார்வைக்குப் போனேன். ஆறு வாரம் சரியா முடிஞ்சுது. இந்தத் தடவை டாக்டர் விரலால அழுத்தினப்ப வலது டான்சில்லேர்ந்து அரிசி நுனி அளவுக்கு மஞ்சளா ஒரு கல் வெளிய வந்தது. நாத்தம்னா நாத்தம். கல் போனதும் கொஞ்சம் உள்வாங்கின மாதிரி தெரிஞ்சது, ஆனா இன்னும் இடதைவிடப் பெருசுதான். மெத்துனுதான் இருக்காம். கழுத்துல ஒண்ணும் இல்லை. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தேதி எழுதிக் கொடுத்திருக்காரு. அதுக்குள்ள காது வலி, நெறி, விழுங்குறதுல குத்தல் எது வந்தாலும் தேதியைப் பார்க்காம வரணும்.

வீட்டுல இன்னும் சமாதானமாகலை. "எடுத்திருந்தா இப்ப முடிஞ்சிருக்கும்"னு தினமும் ஒரு தடவை வருது.

மென்காற்று

நானா இருந்தா இப்பவும் எடுத்திருப்பேன் சகோ. ஆனா நீங்க போனது தப்புன்னு சொல்ல மாட்டேன்.

சாளரம் (பத்து நாள் கழித்து)

இடது டான்சில்ல கிடைச்சிருச்சு. 6 மில்லிமீட்டர். மேல இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க. நுண்ணாடி சொன்னபடி டப்பாவுல பக்கம் எழுதியிருக்கான்னு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னு கேட்டேன். நர்ஸ் ஒரு மாதிரி பார்த்துட்டு, எடுத்துக் காட்டினாங்க. எழுதியிருந்தது.

இன்னைக்கு ஏழாம் நாள். நான் அப்பா ரூம்லதான் படுக்கிறேன்.